விளையாட்டில் பகிடிக்கு இடம் இருக்கா? ஞாயிற்றுப் பத்தியை வைத்து ஒரு சண்டை

பண்ணைக்காற்று | ஞாயிறு, காலை 9.40

இன்றைய பத்திரிகையின் விளையாட்டுப் பக்கப் பத்தியை எத்தனை பேர் படித்தீர்கள்? படிக்காதவர்களுக்காகச் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வர்ணனைக் கூடம் பகிடி மேடை இல்லை என்று தொடங்குகிறார் பத்தியாளர். களத்தில் யார் எங்கே நிற்கிறார், பந்து ஏன் திரும்பியது என்று சொல்லவேண்டிய வாய் சினிமா வசனம் பேசுகிறதாம். வீரர்கள் பாம்பு போல ஆடும் நாகின் நடனம், கைக்கடிகாரம் காட்டும் சேட்டை எல்லாம் நகைச்சுவையே இல்லை, வன்மத்துக்குப் போட்ட வேஷம் என்கிறார். பார்வையாளர்களிடம் முன்பு இருந்த வாய்ச் சாதுரியம் செத்துப்போச்சாம். வடக்கின் பெரும்போர் என்கிற யாழ் மத்திய கல்லூரி - சென் ஜோன்ஸ் கல்லூரி கிரிக்கெட் ஆட்டத்தில்கூட இப்போது பாண்ட் சத்தம் மட்டும்தான் கேட்கிறதாம். முடிவில் ஒரு போடு போடுகிறார்: விளையாட்டில் சிரிப்புத் தற்செயலாக வந்தால்தான் உண்டு, யாரும் உட்கார்ந்து எழுதிச் சிரிக்கவைக்க முடியாது.

முதலாவதில் எனக்குப் பாதிச் சம்மதம். நாகின் விஷயத்தில் முழுச் சம்மதம். மற்றதெல்லாம் மனிதர் மேசையில் இருந்து எழுதியது போல இருக்கிறது. உங்கள் கருத்து என்ன? ஆளைத் திட்டாமல் கருத்தைத் திட்டுங்கள், இழையைப் பூட்டிவிடுவார்கள்.

மொக்கைப்பந்து | 9.52

ஆருக்கோ பகிடி சொல்லப்போய் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தக் கோபத்தில் அரைப் பக்கம் எழுதிப்போட்டார்.

மூன்றாம்நடுவர் | 10.15

தற்செயலாகத்தான் சிரிப்பு வரும் என்றவர் அதற்கு உதாரணம் தரவில்லை. நான் ஒன்று தருகிறேன், அது அவருக்கே எதிராக முடியும்.

1991 ஆகஸ்ட், ஓவல் மைதானம், இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும். அம்புறோஸின் பந்தை அடிக்கப்போன இயன் பொத்தம் நிலைதடுமாறிச் சுழல்கிறார். ஸ்டம்பில் விழாமல் இருக்க ஒரு காலைத் தூக்கி அதைத் தாண்டப் பார்க்கிறார். முக்கால்வாசி தாண்டியும்விட்டார். பெயில் தட்டுப்பட்டு விழுந்துவிட்டது. ஹிட் விக்கெட். ஆட்டம் முடிந்த பிறகு பிபிசி வானொலியில் அன்றைய நாளைச் சுருக்கிச் சொல்லும்போது, ஜொனதன் அக்னியூ அந்தக் காலைத் தூக்கிய கதையை இரட்டை அர்த்தம் வரும்படி ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். பக்கத்தில் சக வர்ணனையாளர் பிரயன் ஜோன்ஸ்டன், எழுபது தாண்டிய மனிதர். நிறுத்து என்று கெஞ்சுகிறார். அடுத்த துடுப்பாட்டக்காரரின் கதைக்குப் போகப் பார்க்கிறார், குரல் கீச்சென்று போய்விடுகிறது. சில விநாடிக்கு இங்கிலாந்து முழுவதும் ஒரு கிழவர் மூச்சு விடமுடியாமல் சிரிப்பதைத்தான் கேட்டது.

தற்செயல்தான், சரி. ஆனால் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது? அக்னியூ இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடிய பந்துவீச்சாளர். பொத்தமின் கால் எந்த உயரத்தில் சிக்கியது என்று பார்த்திருந்தார். பார்க்காதவனுக்கு அந்த வரி வராது.

தட்டிவான் | 10.31

வர்ணனையைப் பற்றிப் பத்தியாளர் சொன்னதில் நான் மாறுபடுகிறேன். ஐபிஎல் தமிழ் வர்ணனையில் ஸ்ரீகாந்த் கதைப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? பாதி நேரம் பகிடிதான். ஆனால் ஆள் 1983 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் முழங்காலில் இருந்து ரொபேட்ஸை நாலுக்கு அடித்தவர், அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கத்திலும் கூடிய ஓட்டம் அவருடைய 38. தொடக்கத் துடுப்பாட்டக்காரன் பயந்துபோய் நிற்கிறான் என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் அது தகவல். அதே வசனத்தை, படம் ஓட்ட வந்த நடிகர் சொன்னால் இடைவேளை விளம்பரம். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார் பத்தியாளர்.

பண்ணைக்காற்று | 10.44

தட்டிவான், அதைத்தான் பாதிச் சம்மதம் என்றேன். படம் வெளிவருகிற வாரம் நாயகனைக் கூட்டிவந்து கூடத்தில் இருத்துகிறார்கள். அவர் தன் படத்தைப் பற்றிக் கதைத்து முடிக்கும்போது இரண்டு விக்கெட் போயிருக்கும். நான் ஒலியை அடக்கிவிட்டுப் பார்க்கிறவன்.

கிடுகுவேலி | 11.20

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியைப் பற்றியே கதைக்கிறீர்கள். ஒலிபெருக்கியை மறந்துவிட்டீர்களா?

நாவாந்துறை, குருநகர், இளவாலை, மயிலிட்டி என்று எந்தப் பக்கம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்தாலும் மைதானத்து ஓரத்தில் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு ஆள் இருப்பார். சம்பளம் இல்லை, சோடாதான். அந்த ஆளுக்கு மூன்று வேலை. ஆட்டத்தைச் சொல்லவேணும், நன்கொடை தந்தவர்களின் பெயரை வாசிக்கவேணும், தொலைந்துபோன பிள்ளையைத் தாயிடம் சேர்க்கவேணும். மூன்றையும் ஒன்றாகச் செய்கிறபோதுதான் பகிடி பிறக்கும். ஒருமுறை இப்படிக் கேட்டேன்: "கோர்னர் கொடிக்குப் பக்கத்தில் நீல நிற லுமாலா சைக்கிள் ஒன்று நிற்கிறது. உரிமையாளர் உடனே எடுக்கவும். எடுக்காவிட்டால் அடுத்த கோர்னர் கிக் சைக்கிளில் இருந்துதான் அடிக்கப்படும்." சொல்லி மூச்சு விடவில்லை, அதே குரலில், "இடது பக்கத்தில் ஆளில்லை, இடது பக்கத்தில் ஆளில்லை, நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கோல்!"

அவர் சொன்ன அந்த இடது பக்கத்தாலேதான் கோல் போனது. பகிடி விடுகிறவன் ஆட்டத்தைக் கவனிக்கமாட்டான் என்று பத்தியாளர் எந்த மைதானத்தில் கண்டார்?

மொக்கைப்பந்து | 11.24

சைக்கிள்காரன் எடுத்தவனா?

கிடுகுவேலி | 11.31

எடுத்தவன். கூட்டம் கைதட்டினது. கோலுக்குக்கூட அப்படித் தட்டவில்லை.

ஸ்காபரோ_மாமா | 11.58

இங்கே இரவு 2 மணி தாண்டிவிட்டது, நித்திரை வராமல் உங்கள் இழையைப் படிக்கிறேன்.

எழுதிச் சிரிக்கவைக்க முடியாது என்று ஒரு பத்தியாளர் சொல்வதுதான் இதில் பெரிய பகிடி. இந்தப் பக்கத்தில் பில் சிமன்ஸ் என்றொருவர். 1997இல் இணையத்தில் பொஸ்டன் அணிகளைப் பற்றி ஒரு ரசிகனாக எழுதத் தொடங்கினார். செய்தியாளர் அறைக்குள் போகாமல், சோபாவில் இருந்து ஆட்டம் பார்க்கிற ஒருவன் எப்படிக் கத்துவானோ அப்படி எழுதினார். 2001இல் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு ஊடக நிறுவனம் அவரை எடுத்தது. 2003இல் ஜிம்மி கிம்மெலின் இரவு நிகழ்ச்சி தொடங்கியபோது அங்கே பகிடி எழுதுகிற வேலைக்கே போனார். கனகாலம் நிற்கவில்லை, விளையாட்டுப் பத்திக்கே திரும்பிவிட்டார். 2011இல் ஈஎஸ்பிஎன்னுக்குள்ளேயே கிரான்ட்லாண்ட், 2016இல் சொந்தமாக த ரிங்கர் என்று தளங்கள் தொடங்கினார். அவர் எழுத்து எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்றில்லை, பொஸ்டன் கூடைப்பந்து அணி செல்ட்டிக்ஸ் என்று வந்துவிட்டால் நியாயம் பார்க்கமாட்டார். ஆனால் ஆட்டம் பார்க்காமல் அவருக்குப் பகிடி வந்ததில்லை என்பது என் கணிப்பு.

இன்னொருவர் இங்கிலாந்தின் மார்ட்டின் ஜோன்சன். 1986இல் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்து அணியைப் பற்றி, இவர்களிடம் மூன்றே மூன்று குறைதான், துடுப்பெடுத்தாடத் தெரியாது, பந்துவீசத் தெரியாது, களத்தடுப்புத் தெரியாது என்று எழுதினார். அந்த அணி ஆஷஸைத் தொடர் கணக்கில் 2–1 என்று வென்று வந்தது. மனிதர் அசரவில்லை. சொன்னது சரிதான், அணிதான் மாறிப்போச்சு என்றார்.

மூன்றாம்நடுவர் | பகல் 12.10

ஸ்காபரோ மாமா சொன்னதில் ஒன்று சேர்க்கவேண்டும். பயிற்சி ஆட்டங்களில் அந்த அணி மகா மோசமாக ஆடியதைப் பார்த்துத்தான் ஜோன்சன் எழுதினார். அதனால்தான் தோற்ற பகிடியும் இன்றுவரை நிற்கிறது.

வலைப்பந்து_ரசிகை | 12.45

எல்லாம் சரி. பத்தியாளரும் எழுதவில்லை, இங்கேயும் ஒருவரும் கேட்கவில்லை: யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்?

ரணதுங்கவின் உடம்பைச் சொல்லி இயன் ஹீலி அடித்த பகிடிகளை ஆஸ்திரேலியர்கள் இன்றைக்கும் விருந்துமேசையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1995 டிசம்பர் 26 மெல்பேணில் நடுவர் டரல் ஹெயர், முரளி பந்தை எறிகிறார் என்று நோ போல் அழைத்தார். அதற்குப் பிறகு அந்த நாட்டு மைதானங்களில் முரளி கையைத் தூக்கினாலே கூட்டம் சேர்ந்து நோ போல் என்று கத்தும். கத்தினவர்களுக்கு அது பம்பல், பியர் கோப்பையும் கையுமாக நல்ல பின்னேரம். 2004இல் அவர் அந்த நாட்டுப் பயணத்துக்கே போகவில்லை. 2008 ஹோபாட்டில் முட்டை எறிந்தார்கள். அதே மனிதர் 2010 ஜூலையில் காலியில் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800 டெஸ்ட் விக்கெட் என்று கணக்கை மூடினார். கூட்டத்தின் சிரிப்பு ஆட்டத்தைப் பார்த்து வந்த சிரிப்பா? முழங்கை எவ்வளவு மடிந்திருக்கிறது என்று அந்த இருக்கையில் இருந்து யாருக்குத் தெரியும்?

சரி, ஆஸ்திரேலியாவை விடுங்கள். எங்களுடைய வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம். 208 சென்றிமீற்றர். 2018இலும் 2022இலும் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வந்தபோது அணியில் இருந்தவர். உயரமான பெண்பிள்ளையைப் பார்த்து யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் என்ன சொல்லுவார்கள் என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. தொலைக்காட்சியிலும் உயரத்தோடு கதை முடிந்துவிடும். அந்த வட்டத்துக்குள் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்: தடுப்பாட்டக்காரியை முதுகாலே மறித்து வைத்துக்கொண்டு, பந்து எந்த உயரத்தில் வரவேணும் என்று ஒரு கையை மட்டும் மேலே காட்டுவார். பந்து வந்தவுடன் ஊன்றிய கால் அசையாது, உடம்பு மட்டும் வளையத்துக்குத் திரும்பும். உயரம் இருந்தால் போதும் என்றால் மதிலில் கட்டிவிட்ட ஏணியும் கோல் போடும்.

மொக்கைப்பந்து | 12.58

தங்கச்சி, எல்லாத்துக்கும் இப்படிக் கணக்குப் பார்த்தால் சிரிக்கவே ஏலாது. பகிடி என்றால் யாருக்கோ கொஞ்சம் படத்தான் செய்யும்.

வலைப்பந்து_ரசிகை | 1.06

படட்டும் அண்ணை. ஆட்டத்தில் படட்டும். உயரத்தை வைத்தே பகிடி விடலாம், நானே விடுகிறேன். எதிரணித் தடுப்பாட்டக்காரி ஒரு மணித்தியாலம் மேலே பார்த்தபடி நிற்கிறாள், "பாவம் இந்தப் பிள்ளை, இன்றைக்கு இரவு கழுத்துக்கு நல்லெண்ணெய் போட்டுத்தான் படுக்கவேணும்" என்று சொல்லுங்கள். ஆட்டமும் விளங்கும், சிரிப்பும் வரும், ஒருத்தியும் வீட்டில் போய் அழமாட்டாள்.

மொக்கைப்பந்து | 1.09

எண்ணெய் நல்லாத்தான் இருக்கு.

தட்டிவான் | 1.30

பார்வையாளர்களின் சாதுரியம் செத்துப்போச்சு என்றதுக்கு வருகிறேன். சாகவில்லை, மதகிலிருந்து ஃபோனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

2023 செப்ரெம்பர் 17, ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம், கொழும்பு கெத்தாராம மைதானம். சிராஜ் ஒரே ஓவரில் நாலு விக்கெட், மொத்தம் 21 ஓட்டத்துக்கு ஆறு. நாங்கள் 15.2 ஓவரில் 50க்குச் சுருண்டோம். இந்தியா 6.1 ஓவரில் வீட்டுக்குப் போய்விட்டது. அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்ததை இந்த மன்றத்தில் போட்டால் பூட்டிவிடுவார்கள். நாகரிகமானது ஒன்று மட்டும்: கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டு இருந்தோம், ரொட்டியை வெட்டித் தட்டி முடிக்க முதல் எங்களை வெட்டித் தட்டி முடித்துவிட்டான். நவம்பர் 2 உலகக் கிண்ணத்தில், வான்கடேயில் இந்தியாவிடம் மறுபடி 55. அதற்குள் பெடியளுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது, ஐந்து ஓட்ட முன்னேற்றம் என்று வாழ்த்து அட்டை செய்து அனுப்பினார்கள்.

இது சாதுரியம் இல்லையா? கிரிக்கெட் சபையைப் பற்றி நாலு வரி அறிக்கை விட எங்களை யார் கேட்கப்போகிறார்கள்? சிரிக்கிறதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே வாக்கு.

பண்ணைக்காற்று | 1.52

அந்த இறுதியாட்ட நாளில் எனக்கு நினைவில் நிற்பது வேறு. ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை சிராஜ் மைதானப் பணியாளர்களுக்குக் கொடுத்தார். மழைக்கு அந்தத் தொடர் முழுவதும் விரிப்பு இழுத்துக் களைத்தவர்கள். மீம் போட்ட எத்தனை பேர் அதைக் கவனித்தீர்கள் என்று தெரியாது.

தட்டிவான் | 1.58

கவனித்தோம் அண்ணை. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் மைதானத்தில் ஒழுங்காக வேலை செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று அதற்கும் ஒன்று வந்தது.

கிடுகுவேலி | பின்னேரம் 3.15

மீம் சரி. ஆனால் முகத்துக்கு நேரே சொல்கிற பகிடிக்கு ஒரு துணிவு வேணும். பேர்சி அபேசேகரவை எடுங்கள். தேசியக் கொடியும் கையுமாக எல்லைக் கோட்டோரம் ஓடித் திரிந்து, எதிரணி ஆட்டக்காரனுக்கும் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார். பாட்டில் நக்கல் இருக்கும், ஆனாலும் வெளிநாட்டு வீரர்கள் அவரைத் தேடி வந்து கைகொடுத்தார்கள். 2023 ஆசியக் கிண்ணத்துக்கு வந்த ரோஹித் சர்மா அவருடைய வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அந்த வருடம் ஒக்ரோபர் கடைசியில் பேர்சி போய்ச் சேர்ந்தார். எதிரி உன் வீட்டுக்கு வந்து நலம் விசாரிக்கிற அளவுக்குப் பகிடி விடத் தெரிந்தவர் இந்தத் தீவில் வேறு யார்?

பெரும்போர் விஷயத்தில் மட்டும் பத்தியாளரோடு நிற்கிறேன். 1904இல் தொடங்கிய ஆட்டம். மத்திய கல்லூரி மைதானத்தில் முன்பு துடுப்பாட்டக்காரன் நாற்பது பந்துக்கு மூன்று ஓட்டம் எடுத்துக்கொண்டு நின்றால், மரத்தடியில் இருந்து ஒரு பழைய மாணவரின் குரல் வரும்: "தம்பி, நாங்கள் பின்னேர பஸ்ஸைப் பிடிக்கவேணும்." மைதானம் முழுக்கக் கேட்கும், ஆடுகிறவனும் சிரிப்பான். இப்போது கூடாரத்துக்குக் கூடாரம் ஸ்பீக்கர் பெட்டி. பக்கத்தில் இருக்கிறவன் சொல்வதே கேட்காது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் வருகிற அந்த அமைதி இல்லாவிட்டால் பகிடியை எங்கே போடுவது?

மூன்றாம்நடுவர் | 3.40

நாகின், கடிகாரம் பற்றி எல்லோரும் பத்தியாளரோடு ஒத்துப்போகிறீர்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. வரிசையாகப் பார்ப்போம்.

2018 மார்ச், நிதஹாஸ் கிண்ணம். பங்களாதேஷ்காரர்கள் கெத்தாராமவில் எங்களை வென்று நாகின் ஆடினார்கள், உடைமாற்றும் அறைக் கண்ணாடிக் கதவும் உடைந்தது. இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தபோது எங்கள் சனம் இந்தியாவுக்காக நாகின் ஆடியது. 2022 ஆசியக் கிண்ணத்தில் அவர்களை வெளியேற்றிவிட்டு சாமிக கருணாரத்ன ஆடினார்.

2023 நவம்பர் 6, டில்லி. அஞ்சலோ மத்தியூஸின் ஹெல்மெட் பட்டி அறுந்தது. உலகக் கிண்ண விதிப்படி அடுத்த பந்தைச் சந்திக்க இரண்டு நிமிடம்தான், பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அவுட் கேட்டார், நடுவர் கொடுத்தார். சர்வதேச ஆட்டத்தில் காலதாமதத்துக்கு ஆட்டமிழந்த முதல் ஆள். பிறகு அதே மத்தியூஸ் ஷகிப்பின் விக்கெட்டை எடுத்து, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் ரி20 தொடரை வென்று கிண்ணத்தோடு நின்ற எங்கள் அணி முழுவதும் மணிக்கட்டைக் காட்டியது. சில நாளில் ஒருநாள் தொடரை அவர்கள் வென்றார்கள். முஷ்பிகுர் ஒரு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, பட்டி அறுந்துவிட்டது என்று முகத்தைச் சுளித்து நடித்தார்.

முதல் நாகினில் வன்மம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். முஷ்பிகுரின் ஹெல்மெட்டில் இருந்தது நல்ல நடிப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, தோற்றது நாங்கள் என்றாலும்.

பண்ணைக்காற்று | 3.55

எனக்கு வரவில்லை. வென்றவன் தோற்றவனைக் காட்டிச் செய்வதை நான் பகிடிக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அவர்கள் செய்தாலும் சரி, நாங்கள் செய்தாலும் சரி.

மூன்றாம்நடுவர் | 4.12

அப்படியானால் இதையும் பாருங்கள். 1981 பெப்ரவரி 1, மெல்பேண். கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் ஆட்டம் சமன் என்று நியூசிலாந்து நிற்க, ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சப்பல் சொல்லி அவர் தம்பி ட்ரெவர் பந்தை நிலத்தில் உருட்டிவிட்டார். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கண்டித்த அளவுக்கு அசிங்கம். 2005 பெப்ரவரி, ஒக்லாந்து, ஆடவருக்கான முதல் சர்வதேச ரி20. அதே இரண்டு அணியும் எண்பதுகளின் சீருடையும் மீசையுமாக வந்தார்கள். ஆட்டம் கைவிட்டுப்போன கடைசிக் கட்டத்தில் ஆஸ்திரேலியாவின் மெக்ரா குனிந்து உருட்டுவது போலப் பாவனை செய்தார். நடுவர் பில்லி பௌடன் சட்டைப்பையிலிருந்து உதைபந்தாட்டச் சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினார். மைதானமே சிரித்தது, சிரித்தவர்கள் நியூசிலாந்துக்காரர்.

அட்டையை முதலே பையில் வைத்திருந்தார், கவனியுங்கள். தற்செயலாம்!

வலைப்பந்து_ரசிகை | 4.20

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பாதிக்கப்பட்டவன் முதலில் சிரித்தால் பிறகு யாரும் சிரிக்கலாம்.

கிடுகுவேலி | 5.05

எழுதிச் சிரிக்கவைக்க முடியாது என்பதற்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. சிரித்திரன் சுந்தர், சிவஞானசுந்தரம். செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம் என்று அட்டையில் போட்டுச் சஞ்சிகை நடத்தினவர். அவர் கீறின கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித்தம்பர் யார்? மாட்டுவண்டிச் சவாரிப் பைத்தியம் பிடித்த ஒரு யாழ்ப்பாணத்துக் கிராமத்தான். விளையாட்டு ரசிகன் ஒருவனை வைத்துத்தான் அந்த மனிதர் ஊரையே சிரிக்கவைத்தார்.

சவாரித் திடலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வண்டி ஓடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்தே மாட்டுக்காரர் நிலத்தைக் காலால் தட்டிப் பார்ப்பார், மாட்டின் காதுக்குள் ஏதோ சொல்வார், எதிராளியின் மாட்டைப் பார்க்காதது போலப் பார்ப்பார். தோற்றால் காற்று எதிராக அடித்தது என்பார், நிலம் ஈரம் என்பார், நாவூறு என்பார், மாட்டில் மட்டும் குறையே சொல்லமாட்டார். இதையெல்லாம் பார்த்து ரசித்தவன்தான் தம்பரைக் கீறியிருக்க முடியும்.

மொக்கைப்பந்து | 5.11

எல்பிஎல் என்கிற லங்கா பிரீமியர் லீக்கில் எங்கள் அணியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. யாழ்ப்பாணம் என்று பெயர், 2020, 2021, 2022, 2024 என்று நாலு கிண்ணம். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆட்டமும் இல்லை. எங்கள் அணிக்கு எங்கள் ஊர் தெரியாது என்பதைவிடப் பெரிய பகிடி என்ன இருக்கு?

தட்டிவான் | 5.20

அண்ணை முதன்முதலாக நல்ல பந்து ஒன்று போட்டிருக்கிறார்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பந்துவீச்சாளர் வியாஸ்காந்த் ஐபிஎல்லுக்குள் இறங்கிய நாளும் நினைவுக்கு வருகிறது. 2024 மே 8, ஹைதராபாத், லக்னோவுக்கு எதிராக. நாலு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. பெடியன் ஒழுங்காகத்தான் போட்டான். சந்தியில் கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஒரே தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒவ்வொரு பந்துக்கும் கடைக்கார ஐயா களத்தடுப்பை மாற்றிக்கொண்டே இருந்தார், மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஆளை அனுப்பு, மன்னார்ப் பக்கம் ஆளில்லை என்று. அப்புறம் ஹெட்டும் அபிஷேக்கும் 166ஐ 9.4 ஓவரில் அடித்து முடித்துவிட்டார்கள். ஐயா சொன்னார்: "எங்கட பெடியன் முதல் நாளே போய் எல்லாருக்கும் அவசரத்தைத் தொற்ற வைச்சிட்டான்."

அந்த ஐயாவைத் தமிழ் வர்ணனைக்கு எடுத்தால் நான் ஒலியைக் கூட்டிவைத்துப் பார்ப்பேன்.

ஸ்காபரோ_மாமா | 5.44

மன்னார்ப் பக்கம் ஆளில்லை! இப்படி ஒன்றுக்குத்தான் நித்திரை முழித்தேன். இனிப் படுக்கத் தேவையில்லை, விடிந்துவிட்டது.

மட்டுறுத்துனர் | 6.00

இழை நன்றாகப் போகிறது, நன்றி. பள்ளிக்கூடப் பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் சீண்டிய மூன்று பதிவுகளை எடுத்திருக்கிறேன். பெரும்போர்க் கணக்கை மார்ச்சில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காற்று | 6.25

பத்தியாளருக்கு இதைக் கடிதமாக எழுதலாம் என்று நினைக்கிறேன். அக்னியூ, ஸ்ரீகாந்த், நீல நிறச் சைக்கிள், தர்ஜினி, சவாரித்தம்பர் ஐந்தும் போதும். அடுத்த சுற்றுப்போட்டிக்கு வந்து ஒலிபெருக்கி மேசைக்குப் பக்கத்தில் ஒரு பின்னேரம் இருந்து பார்த்துவிட்டு எழுதச் சொல்லிக் கேட்போம். வருவாரோ தெரியாது.

வலைப்பந்து_ரசிகை | 6.31

உதைபந்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். பெண்கள் வலைப்பந்துக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள். அங்கே மைக்குக்கே ஆள் இல்லை, அவர் விரும்பினால் அதையும் பிடிக்கலாம்.

மூன்றாம்நடுவர் | 6.40

ஆசிரியருக்குக் கடிதம் நீண்டால் வெட்டுவார்கள். ஸ்ரீகாந்தை எடுத்துவிட்டு பௌடனின் சிவப்பு அட்டையைப் போடுங்கள், அவருடைய கடைசி வரிக்கு அதுதான் நேரடிப் பதில்.

தட்டிவான் | 6.43

ஸ்ரீகாந்தை எடுத்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பண்ணைக்காற்று | 6.50

சரி சரி, இரண்டும் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு எழுதி இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்.